மாலை என்றால் சாயங்காலம்

பட்டாளத்துக்காரர்கள் அதிகம் வாங்குவது ஷூ பாலிஷ் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, வக்கீலம்மா. கடலை மிட்டாய்தான். பஞ்சாபிலிருந்து வந்தவனாக இருக்கட்டும், அஸ்ஸாமிலிருந்து வந்தவனாக இருக்கட்டும், இந்தப் பொட்டல் வெயிலில் சுட்டுப் பழகிவிட்டுத் திரும்பும்போது கை முதலில் அந்த டப்பாவுக்குத்தான் போகும். நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காசெல்லாம் வேண்டாம். நல்ல நேரம் பார்த்து வந்தீர்கள். எல்லாரும் ரேஞ்சுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பும்வரை இங்கே ஈ காக்கா எட்டிப் பார்க்காது.

நாகராசுவுக்காக வந்திருக்கிறீர்கள். தெரியும். பொன்னமராவதியில் மிட்டாயும் முறுக்கும் மொத்தமாகப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த மனுஷன், நாட்டைக் காட்டிக்கொடுத்தான் என்று கோர்ட்டில் நிற்கிறான். நான் வந்து கூண்டில் ஏறி ஒரு வார்த்தை சொன்னால் அவன் விடுதலையாகிவிடுவான் என்கிறீர்கள். சரிதான், ஆகிவிடுவான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. சொல்லி முடித்தபிறகு நான் ஏன் வர முடியாது என்பது உங்களுக்கே விளங்கும்.

நாங்கள் திருமயத்துப் பக்கம் ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாகக் கடைதான். இந்த முகாமுக்குள் கடை வைக்க என் அப்பாவுக்கு அனுமதி கிடைத்தது, அவருக்குப் பிறகு எனக்கு. சோலையப்பன் கடை என்றால் வடக்கே எங்கோ பனிமலையில் இருக்கிற சிப்பாய்க்குக்கூடத் தெரியும். இங்கே பயிற்சி எடுத்தவன் எவனும் என்னிடம் சோப்பு வாங்காமல் போனதில்லை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய கடைக்காரர்கள் எல்லாரிடமும் இருந்ததுதான். வாங்குகிறவன் எதிரில் நிற்கும்போது அடக்க விலையை வாய்விட்டுச் சொல்ல முடியாது இல்லையா? அதற்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாக்கியம் வைத்திருக்கும். எங்களுடையது, 'பூமாலை சூடிய தேவி கா'. ஒன்பது எழுத்து, ஒன்றுபோல் இன்னொன்று வராது. பூ என்றால் ஒன்று, மா இரண்டு, லை மூன்று, சூ நான்கு, டி ஐந்து, அப்படியே போய் கா என்றால் ஒன்பது. சைபருக்குச் சுழி. எழுபத்தைந்து ரூபாய் என்று சொல்லவேண்டிய இடத்தில் 'தேடி' என்போம். நாற்பத்தைந்துக்கு 'சூடி'. கேட்கிறவனுக்கு ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும், எங்களுக்கு விலை முடிந்திருக்கும். சரக்குப் போடுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். நாகராசுவுக்குத் தெரியும். பிறகு, செபமாலைக்கு.

செபமாலை ஆவூர்ப் பையன். பையன் என்கிறேன், சாகும்போது முப்பதைத் தாண்டிவிட்டான். மீசை முளைக்கும் வயதில் என் கடைக்கு வந்தவன். இந்த வாக்கியத்தை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வேதக்காரப் பிள்ளை ஆயிற்றே, அம்மன் பெயரைச் சொல்ல யோசிப்பானோ என்று பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "எங்க மாதாவுக்கும் பூமாலதாங்க முதலாளி சாத்துறோம்," என்றான். அன்று மத்தியானத்துக்குள் மனப்பாடம். எனக்கே சில நேரம் எழுத்தை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். அவனுக்கு அந்தத் தயக்கமே வந்ததில்லை. எனக்குப் பிள்ளை கிடையாது. அதனால் அவனை மகன்போல வைத்திருந்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நல்ல வேலைக்காரனாக வைத்திருந்தேன். அது போதும்.

பிறகு மேலிடத்தில் விதி மாறியது. முகாமுக்குள் இருக்கும் கடைகளை டெண்டர் விட்டார்கள். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்குப் போனது. கண்ணாடிக் கதவு, ஏசி, பில் போட மெஷின். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நம் நாட்டுக் கம்பெனிதானே என்று விட்டுவிட்டேன். செபமாலையை அவர்கள் மேனேஜராக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனான். போய் வா என்றுதான் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து அந்தக் கம்பெனியையே ஒரு வெளிநாட்டுக்காரன் மொத்தமாக வாங்கிவிட்டான் என்று பேப்பரில் வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் படித்தவர்கள், கடை யாருடையதாக இருந்தால் என்ன, சோப்பு சோப்புதானே என்பீர்கள். கடைக்காரனுக்குத்தான் தெரியும், கடை எதையெல்லாம் பார்க்கிறது என்று. திடீரென்று டார்ச் பேட்டரி தீர்ந்துபோனால் ராத்திரிப் பயிற்சி. ஊருக்குப் பேசப் போடுகிற ரீசார்ஜை ஒரே நாளில் எல்லாரும் போட்டால், அடுத்துப் போகிற இடத்தில் சிக்னல் இல்லை. குளிர்க் களிம்பு கேட்டால் வடக்கே போகிறார்கள். எந்தப் படை எப்போது கிளம்புகிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நான் தெரிந்துகொள்ளாமல் இருந்ததும் இல்லை. அதை நான் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரன் மெஷினில் வைத்துக்கொள்வான். ஒரு பொத்தானை அழுத்தினால் கடல் தாண்டிப் போய்விடும். இது நியாயமான பயம் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு நாள் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். பழைய பாஸ் இன்னும் செல்லுபடியாக இருந்தது. செபமாலை கவுண்டரில் நின்றான், நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது உண்மை. ஆனால் பின்னால் யாரோ கம்பெனி ஆள் நின்றிருந்தான்போல. "வாங்க சார், என்ன வேணும்?" என்றான்.

சார். அவ்வளவுதான் விஷயம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக ஞானசௌந்தரி, அவன் சம்சாரம், ஊரெல்லாம் சொல்கிறாளாம். அந்தப் பெண்ணுக்கு உலகம் தெரியாது.

அந்த வாரமே மேஜரைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம், இப்போது மாறுதலாகிப் போய்விட்டார். வடக்கத்தி மனிதர், தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. இப்போது உங்களிடம் சொன்னேனே, பேட்டரி, ரீசார்ஜ், களிம்பு, அதையெல்லாம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எத்தனையோ வருடமாக என்னிடம் பற்பசை வாங்கியவர், அன்றுதான் என் முகத்தை முழுதாகப் பார்த்தார். செபமாலையைப் பற்றி நான் ஒரு சொல் கெடுதலாகச் சொல்லவில்லை. பையன் நல்லவன், ஆனால் சம்பளம் கொடுக்கிறவன் வெளிநாட்டுக்காரன் என்று மட்டும் சொன்னேன்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே செல்போன் கூடாது, உங்களுடையதையும் வாசலில் வாங்கி வைத்திருப்பார்கள். கடைக்கு ஒரு தரைவழி போன் உண்டு. அன்றிலிருந்து அந்த போனில் பேசுவதைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

கம்பெனிச் சரக்கெல்லாம் மெட்ராஸிலிருந்து லாரியில் வரும். கடலை மிட்டாய், முறுக்கு மட்டும் உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று செபமாலைக்கு அனுமதி. அவன் பழக்கம் மாறாமல் நாகராசுவிடமே வாங்கினான். பழக்கம் மாறாமல் எங்கள் பேச்சிலேயே விலை பேசினான். கவுண்டரில் தமிழ்ச் சிப்பாய்கள் நிற்பார்கள் இல்லையா, அவர்கள் காதில் அடக்க விலை விழக்கூடாது. மெஷின் பில் போடுகிற கடையில் அதற்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். அவசியமே இல்லை. நான் பழக்கிய பழக்கம், விடவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னை அழைத்து வர ஜீப் வந்தது. மேஜர் அறையில் இன்னும் இரண்டு பேர், சீருடை இல்லாதவர்கள். ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார்கள். செபமாலை குரல். இந்தப் பக்கம் அவன் பேசுவது மட்டும்தான் தெளிவு.

"காடியா? சரி. மாலையா? சரி சரி, மாலைக்கே அனுப்புங்க."

எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, வக்கீலம்மா. கா ஒன்பது, டி ஐந்து. தொண்ணூற்றைந்து ரூபாய், மிட்டாய் டப்பா. மா இரண்டு, லை மூன்று. இருபத்து மூன்று ரூபாய், முறுக்கு பாக்கெட். மிட்டாய் விலை ஏறியிருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

மேஜருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. அவர் பாஷையில் காடி என்றால் வண்டி. மாலை என்றால் என்ன என்று முகாமில் ஒரு தமிழ்ச் சிப்பாயைக் கேட்டிருக்கிறார்கள். அவன் சொல்லியிருக்கிறான். அந்தப் பேச்சு நடந்த அன்று சாயங்காலம் முகாமிலிருந்து வண்டிகள் கிளம்பி எங்கோ போயிருக்கின்றன. எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆகக்கூடி அவர்கள் மனதில் கணக்கு முடிந்துவிட்டது. பழைய கடைக்காரன், நாட்டுப்பற்று உள்ளவன், அவன் வாயாலும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

காடி என்றால் என்ன என்று கேட்டார்கள். "அது உங்க பக்கத்து வார்த்தைங்க, உங்களுக்குத்தான் தெரியும்," என்றேன்.

மாலை என்றால்?

"மாலைன்னா சாயங்காலமுங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். சின்னக் குழந்தையைக் கேட்டாலும் மாலை என்றால் சாயங்காலம் என்றுதான் சொல்லும். எனக்கு டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அன்றே செபமாலையைக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் பொன்னமராவதியில் நாகராசுவை. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள், இது விலைங்க, முதலாளி கடைப் பேச்சுங்க என்று. கூட்டுக்காரர்கள் இருவரும் ஒரே கதையைத்தானே சொல்வார்கள் என்று விசாரித்தவர்கள் நினைத்தார்கள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் விடாமல், மூன்றாவது ஆள் ஒருவன் சொன்னால் நம்பலாம் என்று மறுபடி என்னிடமே வந்தார்கள். இந்தத் தடவை என் வீட்டுக்கு.

உங்கள் கடையில் இப்படி ரகசியப் பேச்சு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்கள். நான், "சோப்பு சீப்பு விக்கிற கடையில ரகசியம் எதுக்குங்க?" என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? கேள்விதான் கேட்டேன். பிறகு அவர்களில் ஒருவர் ஒரு தாளைப் பார்த்துத் திக்கித் திக்கி, பூமாலை சூடிய தேவி கா என்று வாசித்து, இது என்ன என்றார். சாமி கும்பிடுகிற வார்த்தை என்றேன். அது உண்மை. வேதக்காரப் பையன் அதை எதற்குச் சொல்கிறான் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாயில் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரி முத்தாள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஜீப் போனபிறகு வந்து, "ஏங்க, சொன்னா என்னங்க?" என்றாள். நாட்டு விஷயம், உனக்குப் புரியாது என்றேன். அதற்குப்பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. சாப்பாடு வைக்கிறாள், துணி துவைக்கிறாள். ஒரு குறையும் இல்லை.

கொஞ்ச நாளில் கம்பெனியின் உரிமத்தை ரத்து செய்தார்கள். முகாம்களுக்குள் வெளிநாட்டுக்காரன் கடை இருக்கலாமா என்று பேப்பரில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் பாதி, நான் மேஜரிடம் சொன்னதுதான். படிக்கும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. வேறு ஏற்பாடு ஆகும்வரை நீங்களே கடையை நடத்துங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கண்ணாடிக் கதவை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஏசியை எடுக்கவில்லை, வெயில் அப்படி.

செபமாலைக்கு ஜாமீன் கிடைத்தது. நேராக என் வீட்டுக்கு வந்தான். ஆளே பாதியாகியிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முதலாளி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காடின்னா தொண்ணூத்தஞ்சுன்னு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அவன் மறுபடி முதலாளி என்று சொன்னதை நான் கவனித்தேன். மனசுக்குள் ஏதோ ஒன்று சமாதானமானது. அந்த நிமிஷம் அவனுக்கு ஆம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இப்போது போய்ச் சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. கடை என்ன ஆகும்? அதைவிட, என்னை நம்பி இவ்வளவு செய்திருக்கிறார்களே, அவர்கள் மரியாதை என்ன ஆகும்? தேசத்தின் பாதுகாப்பு என்று வந்துவிட்டபிறகு இரண்டு தனி மனிதர்களின் கஷ்டத்தைப் பார்க்க முடியுமா?

"எனக்கு ஞாபகம் இல்லையேப்பா," என்றேன்.

நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். மற்றதெல்லாம் உண்மை, யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. கடைசியில், "அப்ப என் வெல சுழிதானுங்களா, முதலாளி?" என்றான். சைபர்தானா என்கிறான். எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான். ஞாபகம் இல்லாதவனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

ஆவூரில் ஈஸ்டர் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும், தேர் இழுப்பார்கள். அந்த வருடம் செபமாலை போய் வடத்தில் கைவைத்திருக்கிறான். யாரும் ஒன்றும் திட்டவில்லையாம். அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் வடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டார்களாம். அவன் கையை எடுத்து ஒதுங்கிப் போனபிறகு தேர் நகர்ந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து இழுத்த தேர். அந்த வாரம் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தான். கால் வழுக்கியிருக்கும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கிணற்றில் பிறந்ததிலிருந்து இறங்கி ஏறுகிறவருக்கு எங்கே வழுக்கும் என்று சௌந்தரி கேட்டாளாம்.

நான் துக்கத்துக்குப் போனேன். பெரிய மாலையாக வாங்கிப் போனேன். சௌந்தரி எழுந்து வந்து என் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டாள். அவன்மேல் போடவில்லை. சுவரோரமாகத் தரையில் வைத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சாவு வீட்டில் போய்ட்டு வாங்க என்று சொல்லக்கூடாது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் வந்துவிட்டேன்.

இப்போது நாகராசு. அவனுக்கும் பெண்டு பிள்ளை இருக்கிறது, தெரியும். சர்க்கரை வியாதிக்காரன், தீர்ப்பு வந்து உள்ளே போனால் தாங்கமாட்டான், அதுவும் தெரியும். நான் வந்து, பூ ஒன்று, மா இரண்டு என்று நீதிபதிக்கு முன்னால் சொன்னால் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் வெளியே போய் நான் பேசியதையெல்லாம் சொன்னாலும் சொல்லுங்கள், என்னைக் கேட்டால் இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்வேன். உங்கள்மேல் கோபம் இல்லை.

பாவம் பார்க்கத் தெரியாதவன் என்று நினைக்காதீர்கள். நானும் படுத்துக்கொண்டு யோசிக்கிறவன்தான். நாகராசுவை நினைத்தால் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறது. செபமாலையை நினைத்தால்தான் முடியவில்லை. இன்றைக்கு நான் வாயைத் திறந்தால், அந்தப் பிள்ளை ஒன்றுமில்லாத விஷயத்துக்காகச் செத்துப்போனான் என்று ஆகிவிடும். அப்படி ஒரு துரோகத்தை நான் அவனுக்குச் செய்யமாட்டேன்.